பொருந்தாத குழந்தை வண்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பிள்ளை பிறந்த வீடுகளுக்கு இப்போது ஒரு புதுச் சாமான் வந்து சேர்கிறது. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி தான் அது. கொழும்பில் வேலை செய்யும் மாமன் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. தாயும் தகப்பனும் பேர் போட்டுச் சேர்த்த காசில் வாங்குவதும் உண்டு. ஆனால் வாங்கிக் கொஞ்ச நாளில் அந்த வண்டி இஸ்தோப்பில் ஓரமாக நிற்கும். அதன் மேல் ஈர உடுப்புக் காயும். வண்டி உடையவில்லை. பிள்ளைக்கும் பொருந்தவில்லை, நம் பாதைக்கும் பொருந்தவில்லை, அவ்வளவு தான்.

"கடையில திருப்பிக் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டால், "வித்த சாமான எடுக்க மாட்டாங்களே" என்று பதில் வருகிறது. எடுப்பார்களா, மாட்டார்களா? இம்முறை நாம் இதைப் பற்றித் தான் படிக்கப் போகிறோம். வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ரைஸ் குக்கருக்கும் மெத்தைக்கும் சப்பாத்துக்கும் இதே கதை தான்.

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். சாமான் பழுதாக இருப்பது ஒன்று. சாமான் நமக்குப் பொருந்தாமல் இருப்பது வேறொன்று. சில்லு கழன்று விழுகிறது, பிரேக் பிடிக்கவில்லை, மடித்து விரிக்கும் பூட்டு நிற்கவில்லை என்றால் அது பழுது. அங்கே கடைக்காரர் தான் பதில் சொல்ல வேண்டும். வண்டி நன்றாக இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை, அல்லது அக்கா வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்றால், திருப்பி எடுக்கும்படி கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர் மாற்றிக் கொடுத்தால் அது அவருடைய நல்ல மனது. இந்த இடத்தில் சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. நம் ஆட்களுக்குத் தெரியாமல் போவது இது தான். நமது நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தான், ஆனால் உபயோகமான சட்டம். ஒரு பொருள் என்ன தேவைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லுகிறார், கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்குகிறார் என்றால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவுக்காவது உதவ வேண்டும் என்பது விற்பனையிலேயே அடங்கிய நிபந்தனை என்று அது சொல்கிறது. அதாவது, நாம் வாய் திறந்து சொன்னால் கடைக்காரருக்குப் பொறுப்பு வருகிறது. சொல்லாமல் கையை நீட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தால், "பொருந்தவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பலம் குறைந்துவிடும். ஒரு கம்பனியின் பேரைச் சொல்லி "அது தான் வேண்டும்" என்று கேட்டு வாங்கினாலும் அப்படித் தான்.

ஆகவே, திருப்பிக் கொடுக்கும் வேலை வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "முதலாளி, பிள்ளைக்கு மூணு மாசம். இன்னும் உக்காராது. எங்க தோட்டத்து ரோட்டு கல்லு ரோட்டு, ஏத்தம் எறக்கம். அதுக்குத் தோதான வண்டி குடுங்க." அவர் ஒன்றைக் காட்டி, "இது சரியா இருக்கும் தங்கச்சி" என்றால், "பில்லுல எழுதிக் குடுங்க, மூணு மாசப் பிள்ளைக்கு, கல்லு ரோட்டுக்குன்னு" என்று கேளுங்கள். சிரிப்பார். சிரிக்கட்டும். எழுத மறுத்தால் அதிலிருந்தே விஷயம் விளங்கிவிடும். பில் தருவது அவருடைய கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்று மாதம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரசவ லீவு 12 வாரம். தாய் மீண்டும் மலைக்கு ஏறும் காலத்தில் பிள்ளைக்கு ஏறக்குறைய அந்த வயது தான். பிள்ளை காம்பிராவுக்குக் கொண்டுபோகத் தான் வண்டி தேடுகிறார்கள். ஆனால் கடைகளில் மலிவாகத் தொங்குகிற, குடை மாதிரி மடிகிற வண்டிகள், உட்காரத் தெரிந்த பிள்ளைக்குச் செய்தவை. ஆறு மாதமளவு வரைக்கும் பிள்ளையைக் கிட்டத்தட்ட மட்டமாகப் படுக்க வைக்கும் வண்டி தான் வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்தி வைத்தால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்குக் கஷ்டமாகும். இது வெறும் காசு நட்டம் மட்டுமல்ல, உயிர் விஷயம். அந்த வண்டிகளின் சில்லும் சின்னது. கடையின் வழுவழுப்பான தரையில் வெண்ணெய் போல ஓடும். நம் ரோட்டில் முதல் கல்லிலேயே திரும்பி நிற்கும்.

வாங்குமுன் ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, பட்டி கட்டி, கடை வாசல் படியில் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிரேக்கைப் போட்டுச் சரிவில் விட்டுப் பாருங்கள். லயத்துப் படிக்கட்டில் எந்த வண்டியும் உதவாது என்பது எங்கள் எண்ணம். அங்கே பிள்ளையை இடுப்பில் எடுப்பது தான் நல்லது.

சரி, வாங்கியாயிற்று. வீட்டில் வந்து பார்த்தால் தோதில்லை. என்ன செய்வது? பாவிக்க வேண்டாம். பெட்டியையும் பொலித்தீனையும் வீச வேண்டாம். நாளைக் கடத்தவும் வேண்டாம். நியாயமான காலம் தாண்டியும் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், வாங்கியவர் சாமானை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்கில்லை. ஒரு கிழமைக்குள் சொல்லிவிடுவது புத்தி என்பது எங்கள் யோசனை. டவுனுக்குப் போய் வர ஒரு பேர் போய்விடும் என்று பலர் யோசிக்கிறார்கள். அன்றைக்கே போனில் சொல்லி, எந்த நாள், யாரிடம் சொன்னது என்று பில்லின் பின்னால் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோகலாம். போனில் படம் பார்த்து வாங்கியதென்றால், அந்தப் படத்தையும் விற்றவர் அனுப்பிய செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

கடையில் சத்தம் போட வேண்டியதில்லை. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, "முதலாளி, நான் கேட்டது படுக்க வைக்கிற வண்டி. பில்லுலயும் அப்பிடித் தான் இருக்குது. இது படுக்கிற மாதிரி சாயவே இல்லீங்க. மாத்திக் குடுங்க, இல்லாட்டி காச குடுங்க" என்றால் போதும். சுவரில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற போர்டைக் காட்டுவார். அதைப் பார்த்து உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். பழுதான சாமானையும் சொன்னதற்கு மாறான சாமானையும் பற்றி மேலிடத்தில் முறையிடும் வழியை ஒரு போர்டு அடைத்துவிடாது. வேறு வண்டி தருகிறேன், மிச்சக் காசு போடுங்கள் என்று அவர் சொன்னால், அதுவும் யோசிக்கத்தக்க பேச்சுத் தான். புது பில் வாங்க மட்டும் மறக்க வேண்டாம்.

கடைக்காரர் ஒன்றுக்கும் மசியவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. மாவட்டச் செயலகத்தில், நாம் கச்சேரி என்கிறோமே அங்கே, விசாரிக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகச் சாமான் விற்றது விசாரணையில் தெரிந்தால், நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடும். கடிதம் தமிழிலேயே எழுதலாம். பதிலையும் தமிழில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இப்படி எழுதலாம்:

"ஐயா / அம்மணி, ......... ஆம் திகதி ......... நகரில் உள்ள ......... கடையில் ......... ரூபாவுக்கு ஒரு குழந்தை வண்டி வாங்கினேன். மூன்று மாதப் பிள்ளையைப் படுக்க வைக்கத்தக்க வண்டி வேண்டும் என்று சொல்லித் தான் வாங்கினேன். அது படுக்க வைக்கத்தக்கதாக இல்லை. ......... ஆம் திகதி கடையில் அறிவித்தேன். மாற்றித் தரவோ காசைத் தரவோ மறுத்துவிட்டார்கள். வண்டி பாவிக்கப்படாமல் என்னிடம் இருக்கிறது. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். விசாரித்துக் காசைப் பெற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பேர், தோட்டம், டிவிஷன், தபால் விலாசம், போன் இலக்கம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். மூல பில்லை அனுப்ப வேண்டாம், போட்டோ கொப்பி போதும். பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோரில் தரும் துண்டையும் கடிதத்தின் கொப்பியையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். இடையில் கடைக்காரரே கூப்பிட்டு வண்டியை மாற்றித் தந்துவிட்டால், அதையும் அதிகாரசபைக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.