திரையில் காணோம் என்றால் பதிவே இல்லை என்று ஆகாது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால், எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டா, வில்லங்கம், வழக்கு விவரம் தேடித்தான் வருகிறார்கள். "எங்க நிலமே கம்ப்யூட்டர்ல இல்லையாம் தம்பி" என்று கலங்கி நிற்பவர்கள் அதில் நிறைய. பதிவு அநேகமாக உள்ளேதான் இருக்கும். அதைக் காட்ட வேண்டிய பெட்டியோ பட்டனோதான் இன்னும் கண்ணில் பட்டிருக்காது. எனக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்கிறேன்.

வட்டம் மாறியிருக்கிறதா?

பட்டா, சிட்டா பார்க்கும் அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்வு செய்ய வேண்டும். மேலே உள்ளதைத் தேர்ந்தெடுத்தால்தான் கீழே உள்ள பட்டியல் நிரம்பும். புவனகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் பழைய பத்திரத்தோடு வந்தார். அதில் 'தென்னாற்காடு மாவட்டம், சிதம்பரம் வட்டம்' என்றிருந்தது. சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர் ஊர் பட்டியலில் வரவில்லை. புவனகிரி வட்டத்துக்கு மாற்றியதும் வந்துவிட்டது. தென்னாற்காடு 1993இல் பிரிந்தது. சிதம்பரம் வட்டத்திலிருந்து புவனகிரி பின்னாளில் தனி வட்டமானது. ஆகவே, பத்திரத்தில் உள்ள வட்டத்தில் ஊர் இல்லையென்றால் பக்கத்து வட்டங்களையும் பாருங்கள்.

ஊரகமா, நகர்ப்புறமா?

இந்தத் தேர்வைப் பொறுத்து பெட்டிகளே மாறும். ஊரகத்தில் கிராமமும் புல எண்ணும் கேட்கும். நகரத்தில் வார்டு, பிளாக், நகர அளவை எண் கேட்கும். கடலூர் நகரத்து மனையை ஊரகத்தில் தேடினால் வார்டு பெட்டி கண்ணிலேயே படாது.

எண்ணை எழுதியதும் வெளியே கிளிக் செய்யுங்கள்

புல எண்ணைத் தட்டிவிட்டு உட்பிரிவுப் பட்டியல் வரவில்லையே என்று பலர் காத்திருக்கிறார்கள். எழுதி முடித்துவிட்டோம் என்பது திரைக்குத் தெரிய வேண்டும். டேப் விசையை அழுத்துங்கள், அல்லது பெட்டிக்கு வெளியே ஒருமுறை கிளிக் செய்யுங்கள். '125/2பி' என்று சேர்த்து எழுதாமல் 125ஐ மட்டும் கொடுத்துவிட்டு, 2பியை உட்பிரிவில் தேர்ந்தெடுங்கள். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்க்கும்போதும் இப்படித்தான். எண்ணை எழுதினால் மட்டும் போதாது. அது கீழே உள்ள பட்டியலில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தேடுங்கள்.

முடிந்த வழக்கு

நீதிமன்றத் தளத்தில் கட்சிக்காரர் பெயரால் தேடும்போது நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்று தேர்வு இருக்கும். நிலுவையில் மட்டும் தேடினால் தீர்ப்பான வழக்கு வராது. கடலூரா சிதம்பரமா என்று நீதிமன்ற வளாகத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். வழக்குக்குரிய, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம்.

செல்போனில் பார்க்கிறவர்களுக்கு

சிறிய திரையில் தேடும் பட்டன் வலது ஓரத்துக்கு வெளியே போய்விடும். போனைக் குறுக்காகத் திருப்புங்கள். பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' போடுங்கள். கணினியில் கண்ட்ரோல் விசையோடு மைனஸை அழுத்தினால் பக்கம் சுருங்கி, மறைந்தது தெரியும். பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? முகவரிப் பட்டியின் ஓரத்தைப் பாருங்கள். முடிவு புது ஜன்னலில் திறக்க வேண்டியதாக இருந்து, பிரவுசர் பாப்-அப்பைத் தடுத்திருக்கலாம்.

ஓ.டி.பி., கேப்சா போன்றவை மட்டும் வேறு வகை. அவை பிறர் விவரத்தைக் காக்கும் பூட்டு. அவற்றைத் தாண்டக் குறுக்குவழி தேடாதீர்கள், யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.

சென்டர் நடத்தும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "இல்லை" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் தூக்கம் போய்விடும். வட்டம், ஊரகம்–நகரம், உட்பிரிவு மூன்றையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், எதையெல்லாம் கொடுத்துத் தேடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அங்கே போய் என்ன கேட்பது என்று அவர்கள் திகைக்க வேண்டியிருக்காது.