சித்தூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று: நெய்பர் சேராதபோது

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. சித்தூரில் ஒரு ரவுட்டர், திருப்பதியில் ஒரு ரவுட்டர், நடுவில் ஃபைபர். இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப் போட்டும் நெய்பர் வரவில்லை என்று வையுங்கள். 70 கிலோமீட்டர் பஸ் ஏறுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. பிங் போகிறதே என்று நம்பாதீர்கள். ஹலோ பாக்கெட் 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. அது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. ஐபி புரோட்டோகால் எண் 89. ஆக்ஸஸ் லிஸ்ட்டில் அதற்கு வழி இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் பேசிவ் ஆக இருந்தால் ஹலோவே கிளம்பாது.

2. ஏரியா எண், ஹலோ நேரம், டெட் நேரம், ஆதென்டிகேஷன், ஸ்டப் குறி இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஈதர்நெட்டில் வழக்கம் 10 விநாடியும் 40 விநாடியும். சப்நெட் மாஸ்க்கும் பொருந்த வேண்டும். பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கில் மட்டும் 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2328 அதைப் பார்க்கச் சொல்வதில்லை.

3. ரவுட்டர் ஐடி மட்டும் வேறாக இருக்க வேண்டும். சித்தூர் கான்ஃபிகை அப்படியே திருப்பதியில் ஒட்டினால் இது தவறிவிடும்.

4. சித்தூரில் ‘இனிட்’ என்று நின்றால் நிதானமாக யோசியுங்கள். திருப்பதியின் ஹலோ சித்தூருக்கு வருகிறது. ஆனால் அதில் சித்தூரின் ஐடி இல்லை. அதாவது சித்தூர் அனுப்பியது அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது திருப்பதி அதை ஏற்கவில்லை. பலரும் இனிட் தெரியும் ரவுட்டரையே குடைந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் திருப்பதியின் வரவு வழியை முதலில் பாருங்கள்.

5. ‘எக்ஸ்ஸ்டார்ட்’டில் நின்றால் எம்டியு. ஹலோ சிறியது, தப்பித்துவிடும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் எம்டியு அளவு எழுதியிருக்கும். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000 என்றால் மேலே நகராது. எம்டியுவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் கட்டளை உண்டு. எனக்கு அது பிடிக்காது. பெரிய பாக்கெட் பின்னால் ஒருநாள் தொலையும். அளவைச் சரிசெய்யுங்கள்.

6. பல ரவுட்டர்கள் சேர்ந்த ஈதர்நெட்டில் டிஆர் (டெசிக்னேட்டட் ரவுட்டர்), பிடிஆர் (அதன் பேக்கப்) அல்லாதவை தங்களுக்குள் ‘டூ-வே’யில் நிற்பது இயல்பு. எல்லாவற்றிலும் பிரையாரிட்டி 0 போட்டால்தான் கோளாறு.

7. ஒரு முனை பிராட்காஸ்ட், மறுமுனை பாயின்ட்-டு-பாயின்ட் என்றிருந்தாலும், நேரங்கள் பொருந்தினால் ‘ஃபுல்’ என்றே காட்டும். ரூட் மட்டும் வராது. அதனால் ஃபுல் கண்டவுடன் போனை வைத்துவிடாமல், திருப்பதி லேன் சித்தூரின் ரூட்டிங் டேபிளில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.