குடியானவர் வீட்டுக்குப் பாட்டரிக் கைக்கருவிகள்

மாட்டுக் கொட்டகையின் தகரத்தை முடுக்குதல், அவரைப் பந்தலுக்குச் சவுக்குக் கால்களில் சட்டம் பொருத்துதல், சொட்டுநீர்ப் பாசனக் குழாயில் துளையிடுதல், கழன்றுபோன கதவுக் கீலை மறுபடி பூட்டுதல் ஆகிய சில்லறை வேலைகளுக்கு முன்னாளில் தச்சரையோ கொல்லரையோ எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது. இப்பொழுது பாட்டரியால் இயங்கும் டிரில், திருப்புளி மிஷின், கிளை வெட்டும் சிறு ரம்பம் முதலியவை கண்டாச்சிபுரம் தாலுகாவின் கிராமங்களிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. சிலர் விழுப்புரத்திலோ திருக்கோவலூரிலோ கடையில் வாங்குகிறார்கள். சிலர் கைபேசியில் படத்தைப் பார்த்தே தருவித்துக்கொள்கிறார்கள். எந்தக் கம்பெனியின் கருவி சிலாக்கியமானது என்பதை வாங்குவதற்கு முன்னரே யோசிப்பது அவசியம். முதற் கருவியைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே, பின்னால் வாங்கப்போகும் கருவிகள் எல்லாம் அநேகமாக நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றன. இதன் காரணம் கீழே விளங்கும்.

முதலாவது, இத்தகைய கருவி உண்மையில் வேண்டுமா என்று பார்க்கவேண்டும். மாதத்திற்கு ஒரு திருகாணி முடுக்கும் வீட்டுக்குப் பாட்டரிக் கருவி வீண் செலவு. கம்பியுள்ள சாதாரண டிரில் விலையும் குறைவு. பத்து வருஷம் பரணில் கிடந்தாலும் எடுத்த அன்று ஓடும். பாட்டரியோ உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் நாளடைவில் தேய்ந்தே தீரும். ஆனால் வேலை வீட்டுக்குள் மட்டும் இராமல் களத்திலும் கொல்லையிலும் வயலிலும் இருக்குமானால் கணக்கு மாறுகிறது. நூறு கெஜம் ஒயர் இழுத்து, ஈரத்தரையில் ஒட்டுப்போட்ட ஒயரின் மேல் நின்று துளையிடுவது ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரையேறிய பெஞ்சல் புயலில் இந்த ஜில்லாவின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செண்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. சாய்ந்த மரத்தின் கிளைகளை அகற்றவும், பறந்துபோன தகரத்தை மறுபடி இறுக்கவும் அத்தகைய சமயத்தில் பாட்டரிக் கருவியே கைகொடுக்கக்கூடியது.

இக்கருவிகள் நேற்றுத் தோன்றியவையல்ல. அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி 1961-லேயே கம்பியில்லாத டிரில்லை வெளியிட்டது. 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைத்த கருவியிலும் அக்கம்பெனியின் பங்கு உண்டு. அக்காலத்து நிக்கல்-காட்மியம் பாட்டரிகள் கனமானவை. பாதி காலியானவுடன் சார்ஜ் செய்து பழக்கினால் சக்தி குன்றுபவை. 2003-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி லித்தியம்-அயான் பாட்டரி பொருத்திய சிறு திருப்புளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் சில வருஷங்களில் எல்லாக் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. இன்று வாங்கத்தக்கது லித்தியம் பாட்டரிக் கருவி ஒன்றே. பழைய நிக்கல்-காட்மியம் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடவேண்டாம்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டு எண்ணிக்கையினால்தான் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஆகையால் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்ள வேண்டும். பாட்டரியின் உள்ளே விரற்கட்டை போன்ற செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட்டு, முழுதும் சார்ஜ் ஆன சமயத்தில் மட்டும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் 3.6-ஐ ஐந்தால் பெருக்க 18 வோல்ட்டு. அதே ஐந்து செல்லைச் சார்ஜ் ஆனவுடன் அளந்தால் 20 அல்லது 21. டிவால்ட் கம்பெனி ஒரே பாட்டரியை அமெரிக்காவில் 20 வோல்ட்டு என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட்டு என்றும் எழுதி விற்கிறது. இதில் பொய் ஒன்றுமில்லை. அளக்கும் சமயம் வேறு, அவ்வளவே. ஆகவே ஒருவர் 18 என்றும் மற்றொருவர் 20 என்றும் இன்னொருவர் 21 என்றும் எழுதியிருந்தால் மூன்றும் ஒன்றேயென்று கொள்க. அவ்வாறே 12 வோல்ட்டு என்பது மூன்று செல்கள் கொண்ட 10.8 வோல்ட்டுப் பாட்டரி.

ஆனால் 48, 88 என்றெல்லாம் அச்சிட்டு, பெயர் தெரியாத கம்பெனிகளின் பெட்டிகள் கண்காட்சிக் கடைகளிலும் கைபேசி வியாபாரத்திலும் உலவுகின்றன. கையடக்கமான பாட்டரியில் ஐந்து செல்லே கொள்ளும். ஐந்து செல்லுக்கு எங்கிருந்து 88 வோல்ட்டு வரும்? இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்றுண்டு. பாட்டரியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட்டு, அம்பியர்-மணி, வாட்-மணி என்று மூன்று எண்கள் இருக்கவேண்டும். முதலிரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வரவேண்டும். 18 வோல்ட்டு, 2 அம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. சீட்டே இல்லாததும், பெருக்கினால் கணக்கு ஒவ்வாததும் தள்ளத்தக்கவை. கடைக்காரரிடம் வாதாடவும் தேவையில்லை.

வாட்-மணி என்பது தொட்டியில் உள்ள தண்ணீரின் அளவைப் போன்றது. 36 வாட்-மணி பாட்டரி மரத்தில் திருகாணி முடுக்கும் வேலைக்கு அரைநாள் வரும். சவுக்குக் கிளை அறுக்கும் ரம்பத்தில் பொருத்தினால் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ரம்ப வேலைக்கு 4 அம்பியர்-மணியாவது வேண்டும்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஒரு கம்பெனியின் பாட்டரி மற்றொரு கம்பெனியின் கருவியில் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் இரண்டு மூன்று ஜாதிகள் உண்டு. பாஷ் கம்பெனியின் நீலநிறக் கருவிகள் தொழிலாளிகளுக்கும் பச்சைநிறக் கருவிகள் வீட்டுக்காரர்களுக்கும் ஏற்பட்டவை. இரண்டும் 18 வோல்ட்டாயினும் ஒன்றின் பாட்டரி மற்றதில் நுழையாது. ஜப்பானிய மக்கிட்டாவில் 12, 18, 40 வோல்ட்டு வரிசைகள் வெவ்வேறு. ஹிட்டாச்சி என்றிருந்த பெயர் 2018-ல் ஹைகோக்கி என மாறிற்று. பெயர் மாறியதைக் கண்டு பழைய ஹிட்டாச்சிக் கருவி வைத்திருப்போர் கலங்கவேண்டியதில்லை. வோல்ட்டும் நழுவிப் பூட்டும் காடியின் அமைப்பும் ஒத்திருக்கின்றனவா என்று கருவியைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம். பொருந்தாத பாட்டரியைப் பொருத்துவதற்கென்று இடைத்தட்டுகள் விற்கப்படுகின்றன. சில கம்பெனிகள் பாட்டரி அளவுக்குமேல் காலியாகாமல் தடுக்கும் ஏற்பாட்டைப் பாட்டரியில் வைக்காமல் கருவியில் வைக்கின்றன. இடைத்தட்டு போட்டால் அந்தக் காவல் அற்றுப்போய்ப் பாட்டரி கெட்டுவிடும். அவற்றை வாங்காதிருப்பதே நலம்.

இதிலிருந்து விளங்குவது, கருவியைவிடப் பாட்டரியின் வமிசத்தையே வாங்குகிறோம் என்பதாகும். நாலு ஏக்கர் மணிலாவும் கரும்பும் சாகுபடி செய்யும் குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இவ்வருஷம் டிரில் வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் கிளை வெட்டும் ரம்பம். அதற்கடுத்து எந்திரத் தெளிப்பானோ புல்வெட்டியோ. முதல் முறை இரண்டு பாட்டரியும் சார்ஜரும் சேர்ந்த பெட்டியாக வாங்கிவிட்டால், பிந்திய கருவிகளைப் பாட்டரி இல்லாமல் வெறுங்கருவியாக வாங்கலாம். செலவில் பெரும்பகுதி பாட்டரிக்கும் சார்ஜருக்கும் ஆவதால் இது கணிசமான மிச்சம். மாறாக, ஒவ்வொரு முறையும் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கினால் வீட்டில் மூன்று சார்ஜர், மூன்று விதப் பாட்டரி சேரும். அவற்றில் ஒன்று செத்தால் அதன் கருவியும் இரும்புக் கடைக்கே போகும். மூன்று வருஷத்திற்குப் பிறகு அதே பாட்டரி தனியாகக் கிடைக்குமா என்ற கேள்விக்குக் கடைக்காரர் நேரான பதில் சொல்லக்கூடிய கம்பெனியே நல்ல கம்பெனி. இந்த அளவுகோலின்படி பாஷ், மக்கிட்டா, டிவால்ட், ஹைகோக்கி போன்ற பழைய கம்பெனிகள் முன்நிற்கின்றன. பாட்டரி வரிசையைப் பல வருஷங்களாக மாற்றாமல் நடத்திவருவது இவற்றின் பலம். மக்கிட்டாவின் 18 வோல்ட்டு லித்தியம் வரிசை 2005-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. இங்கோ போன்ற மலிவான சீனக் கம்பெனிகளை அடியோடு தள்ளவேண்டியதில்லை. பக்கத்து நகரத்தில் அதன் ஏஜெண்டு இருந்து, பாட்டரியைத் தனியாக அலமாரியில் வைத்திருந்தால், சில்லறை உபயோகத்துக்குப் போதுமானது. பெயரே இல்லாத பெட்டி மட்டும் எவ்விலைக்கும் வேண்டாம்.

இவற்றுள் எது என்பதைப் பக்கத்து ரிப்பேர்க் கடையே தீர்மானிக்கவேண்டும். எவ்வளவு உயர்ந்த கருவியாயினும், பழுதுபார்க்கச் சென்னைக்கு அனுப்பி ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தால் அறுவடைக் காலத்தில் அது இல்லாததற்குச் சமானம். விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ புதுச்சேரியிலோ எந்தக் கம்பெனிக்கு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் உண்டென்று முன்கூட்டி விசாரிப்பது நல்லது. ஊர்த் தச்சரும் எலெக்டிரீஷியனும் எதை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அதைவிட நல்லது. அவசரத்திற்கு ஒரு பாட்டரியைக் கைமாற்று வாங்கவும் முடியும். பெட்டியின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், தயாரான மாதமும் வருஷமும், அதிகபட்ச விலையும் சட்டப்படி இருக்கவேண்டும். பில் வாங்கி வாரண்டிச் சீட்டுடன் பத்திரப்படுத்துக. பெயர்பெற்ற கம்பெனிகளின் பாட்டரிக்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகிக்கவேண்டியதே. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளியூரில் வாங்கிய சரக்கானாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். அதற்குப் பில் இன்றியமையாதது.

கருவியின் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டகைத் தகரத்தில் தானே துளைத்துக்கொண்டு போகும் ஆறுமூலைத் திருகாணியை முடுக்க இம்பாக்ட் டிரைவர் சிறந்தது. ஆனால் செங்கற் சுவர், மரம், இரும்புத் தகடு ஆகிய மூன்றிலும் துளையிட வேண்டிய வீட்டுக்கு, முதற் கருவியாக 18 வோல்ட்டு ஹாமர் டிரில்லே தகும். சொட்டுநீர்ப் பாசனத்தில் பிவிசி துணைக்குழாயில் ரப்பர் வளையத்தின் அளவுக்குச் சரியாகத் துளையிட்டால்தான் நீர் கசியாது. இதற்கு டிரில்லின் வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டவேண்டும். வீட்டுக்குள் மட்டும் வேலையென்றால் 12 வோல்ட்டு போதும். பெண்களுக்கும் வயோதிகர்களுக்கும் கை வலிக்காது. கற்பாறைகள் மலிந்த இப்பக்கங்களில் கல் தூணிலும் கல் நிலையிலும் துளையிட நினைப்பவர் சிறிய பாட்டரி டிரில்லை நம்பவேண்டாம். அது அலகைத் தீட்டுமேயன்றிக் கல்லைத் துளைக்காது. அதற்கு ரோட்டரி ஹாமர் என்னும் வேறு ஜாதி வேண்டும்; அதையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பதே மேல். தூரிகையில்லாத மோட்டார் என்று விளம்பரிக்கப்படும் பிரஷ்லெஸ் மோட்டார் அதிக நேரம் ஓடும், தேயும் பாகமும் குறைவு. விலை சற்றுக் கூடினும் தகும்.

பாட்டரிக்கு இந்தப் பிரதேசத்தில் முதற் சத்துரு வெயில். கோடையில் தகரக் கொட்டகைக்குள்ளும் டிராக்டர்ப் பெட்டிக்குள்ளும் வைத்த பாட்டரி வெகு விரைவில் சக்தி இழக்கும். சுமார் 45 டிகிரி செண்டிகிரேடுக்குமேல் சூடான பாட்டரியைச் சார்ஜ் செய்யலாகாது. வேலை முடிந்ததும் அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டுப் பின் சார்ஜரில் போடவேண்டும். தண்ணீரில் நனைத்து ஆற்றுவது கூடவே கூடாது. மாதக்கணக்கில் உபயோகமில்லையானால் பாதி சார்ஜில் வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில், எலி கடியாத இடத்தில் வைக்கலாம். லித்தியம் பாட்டரியை முழுதும் காலியாக்கிய பிறகே சார்ஜ் செய்யவேண்டும் என்பது பழைய ஜாதிக்குச் சொன்ன விதி, இதற்குப் பொருந்தாது. மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்: 36 வாட்-மணி பாட்டரியை நஷ்டம் உட்பட இருபது தடவை சார்ஜ் செய்தாலும் ஒரு யூனிட்டுக்குச் சரியாகும்.

பல வீடுகளில் ஏற்கெனவே முதுகில் சுமக்கும் பாட்டரித் தெளிப்பான் இருக்கிறது. மலிவானவற்றில் பெரும்பாலும் 12 வோல்ட்டு ஈய-அமிலப் பாட்டரியே இருக்கும். அதன் குணம் நேர் எதிரிடை: காலியாக வைத்தால் கெடும். மருந்து தெளித்த அன்றே முழுதும் சார்ஜ் செய்து வைத்து, வேலையில்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை சார்ஜ் கொடுக்கவேண்டும். இவ்விரண்டின் சார்ஜர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் தீப்பற்றும் ஆபத்து உண்டு. சார்ஜர்களின்மேல் சுண்ணாம்பினாலோ சாயத்தினாலோ குறியிட்டுவைப்பது உசிதம். கீழே விழுந்து உப்பிய பாட்டரியை மறுபடி சார்ஜரில் போடவும் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது.

2022-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் பிறப்பித்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பாட்டரிகளின் கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் சேர்ந்தது. செத்த பாட்டரியின் பித்தளை முனைகளின்மேல் ஒயர் ஒட்டும் டேப்பைச் சுற்றி, சர்வீஸ் நிலையத்திலேயே ஒப்படைக்கலாம். எருக்குழியிலோ குப்பைமேட்டிலோ போட்டால் அறுவடைக்குப் பின் சருகு கொளுத்தும்பொழுது அது வெடிக்கும்.