சிறுபாணாற்றுப்படையில் குறிஞ்சி: வழியில் இல்லாத மலை

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு அது காட்டும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் முறையே நெய்தல், முல்லை, மருதம் சார்ந்து அமைகின்றன. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும் கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய பகுதியோடும் பொருத்துவது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. இவ்வழியில் மலை இல்லை. எனினும் நூலின் இறுதியடிகள் நல்லியக்கோடனைக் குறிஞ்சிக் கோமான் என்றே அழைக்கின்றன. இம்முரண் உரிய கவனம் பெறவில்லை.

நூலின் தொடக்கமே மலைதான். நிலமகளின் தோளாக அது உருவகிக்கப்படுகிறது. பின்னர்க் கடையெழு வள்ளல்களின் வரிசையில் குறிஞ்சி விரிகிறது. பேகனின் மழைவளச் சாரல், பாரியின் பறம்பு, அதிகன் ஔவைக்கு ஈந்த நெல்லி விளைந்த மலைச்சாரல், நள்ளியின் மலைநாடு, ஓரி கூத்தர்க்கு அளித்த குன்றுநாடு என ஐவர்க்கு மலை கூறப்படுகிறது. ஆய்க்கும் காரிக்கும் இல்லை. காரியின் முள்ளூர் மலை பிற சங்கப் பாடல்களில் புகழ்பெற்றது. கோவலூரை ஆண்ட அவனே ஓய்மாநாட்டுக்கு அண்மையன். அண்மை மலை பெயரின்றி நிற்க, சேய்மை மலைகள் பாடப்படுவது தற்செயல் எனத் தோன்றவில்லை. எழுவர் தாங்கிய ஈகைச் சுமையை நல்லியக்கோடன் ஒருவனே தாங்குகிறான் எனப் புலவர் முடிக்கும்போது, அவர்தம் மலைகளும் அவனைச் சேர்கின்றன.

இதற்கு அகில் சான்றாகிறது. குறிஞ்சிக்குரிய அகிலும் சந்தனமும் அவனது இலங்கைப் பகுதியில் வெள்ளத்தில் மிதந்து வந்து, நீராடும் மகளிர்க்குப் புணையாகின்றன. எயிற்பட்டினக் கடற்கரையில், உறங்கும் ஒட்டகம் போலக் கிடக்கும் மணமுள்ள மரத்தை அலைகள் கொணர, பரதவர் அதை விறகாக்குகின்றனர். (அகிலை அடுப்பிலிடும் செழிப்பு வேறெந்த நாட்டுக்கு வாய்க்கும்!) இறுதியில் மகளிர் கூந்தலுக்கு ஊட்டும் அகிற்புகை, மலைமுகட்டு முகிலிடையே தோகை விரிக்கும் மயிலுக்கு உவமைக்களமாகிறது. பாணன் மலைக்குச் செல்வதில்லை. மலையே நீராகவும் விறகாகவும் புகையாகவும் அவனை நோக்கி வருகிறது.

திண்டிவனத்திற்கு மேற்கே சற்றேறக்குறைய 28 கி.மீ. தொலைவில் செஞ்சிக் குன்றுகள் உள்ளமையால், குறிஞ்சிக் கோமானின் மலை அதுவே எனக் கொள்ளத் தோன்றலாம். ஆனால் மூங்கில் அசையும், ஏறுதற்கரிய அந்த முகட்டிற்கு நூல் பெயரிடவில்லை. கடற்கரைப் பட்டினம் முதல் ஆமூர் வரை ஊர்ப்பெயர்களைத் துல்லியமாகச் சொல்லும் புலவர் இங்கு மட்டும் பெயரை விடுத்திருப்பது, அம்மலை நிலப்படத்திற்குரியதன்று, திணைமரபு படைத்த கற்பனை நிலம் என்பதையே காட்டுகிறது. வேலூரில் எயினர் உறைவதும் இக்கோணத்தில் மீள ஆராயத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தே பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து அதற்கு வழிவிடும்.