ஏர்கோன் கேஸ் எங்கே கசிகிறது?

மெர்லிமாவ் வெயிலில் பழைய புரோட்டோன் சாகா, கஞ்சில் கார்களின் ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் தானாகத் தீராது. கசிவைக் கண்டுபிடித்த பிறகே நிரப்புங்கள்.

1. குழாய் இணைப்புகள், கம்பிரசர், கண்டென்சர் ஆகியவற்றில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். கேஸுடன் கம்பிரசர் எண்ணெயும் வெளியேறும்.

2. இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும்.

3. கேஸ் ஏற்றும் வால்விலும் தடவிப் பாருங்கள். அது தேய்ந்தாலும் கசியும்.

4. தடயமே இல்லையென்றால் பட்டறையில் ஒளிரும் சாயமோ நைட்ரஜனோ ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கண்ணுக்குத் தெரியாது.

5. இணைப்பை நீங்களே கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும்.

6. பழுது பார்த்ததும், வாக்குவம் செய்த பிறகே கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். ஈரம் தங்கினால் உட்புறம் அரிக்கும்.