கோடு போட்டால் போதுமா, கண்ணு?

அன்புக் கயல் கண்ணுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளையெல்லாம் புள்ளியாக வைத்து, யாருக்கு யாரோடு தொடர்பு என்று சிவப்பும் நீலமுமாகக் கோடிழுத்திருக்கிறாய். மார்கழிக் கோலம் தோற்றது போ! ஆனால் அதில் ஒரு கோட்டின் மேலாவது நீ நடந்து பார்த்தாயா?

கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேட்டி எடுப்பதுதான் அத்தைக்கு முப்பது வருஷமாகப் பிழைப்பு. முதல் நாளே ஒரு முதலாளியிடம் "வருஷ டர்ன்ஓவர் எவ்வளவுங்க?" என்று கேட்டவள் நான். டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அப்புறம்தான் துணியின் பின்னாலேயே போகப் பழகினேன். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், கூலிக்குத் தைக்கும் பவர் டேபிள், செக்கிங் என்று ஒவ்வொரு வாசலிலும் இரண்டே கேள்விதான்: வேலை கொடுத்தவர் எப்படிப் பழக்கம்? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? இரண்டாவதற்குப் பதில் வர ஒரு மாசம் ஆகும், பொறுத்துக்கொள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், தையல் மிஷின்களும் சும்மா கிடந்தன. சங்கிலி என்றால் என்னவென்று ஊருக்கே அன்று புரிந்தது.

அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் இதே ஊரை வைத்து 2004இல் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பாய். உள்ளூர்ச் சமூகத்தாருக்குத் தொடங்கும்போதே முதல் அதிகம். வெளியாட்களோ குறைந்த முதலோடு தொடங்கி வேகமாக வளர்ந்தார்கள். சொந்தபந்தம் காசைக் கொண்டுவரும், ஆனால் கெட்டிக்காரனைத் தேடிப் போகாது.

சரி, நீ பேட்டி எடுத்த பத்துப் பேரும் யார்? உன் மாமா போன் போட்டுச் சொன்னவர்கள்தானே! நானும் ரெண்டு வருஷம் அப்பாவுக்குத் தெரிந்தவர்களையே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பவர் டேபிள்காரர்தான் கேட்டார்: "ஏனம்மிணி, கடன் கெடச்சவங்களையே பாக்கறீங்களே, கெடைக்காதவன் கத வேண்டாமா?" அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் பேட்டி முடிந்த அன்றைக்கே, தூங்குமுன் நோட்டில் எழுது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் உன்னை அங்கே அனுப்பியது யார் என்று குறித்துவை. போன் ரெக்கார்டிங்கை நம்பாதே. அது முதலாளி பேசியதைச் சொல்லும், கணக்குப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார் என்பதைச் சொல்லாது.

வேளைக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு வரும்போது நோட்டை எடுத்து வா, படம் வேண்டாம்.

உன் அத்தை