கடற்பாசிப் பயிரும் கூட்டு முயற்சியும்

இராமநாதபுரம் கடற்கரையில் மழை பொய்த்தால் வயல் வேலை இல்லை; மீன்பாடு குறைந்தால் கடல் வேலையும் இல்லை. இவ்விரு குறைகளுக்கும் இடையே, கரையோரப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி முதலியவற்றைக் கடலில் மூழ்கி எடுத்து ஜீவித்து வந்தனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், நாளடைவில் அவ்வழியும் குறுகியது.

இந்நிலையில், 2000ஆம் ஆண்டையொட்டி மண்டபம் பகுதியில் ஒரு கூட்டு முயற்சி தோன்றியது. மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் சாகுபடி முறையைக் கற்பித்தனர். பெப்ஸி கம்பெனியார் விளைந்த பாசியை வாங்க முன்வந்தனர். பாங்கிகள் கடன் கொடுத்தன. சுய உதவிக் குழுக்களின் பெண்கள் உழைப்பைக் கொடுத்தனர். ஜனங்கள் அதற்குப் ‘பெப்ஸிப் பாசி’ என்றே பெயரிட்டனர்.

சாகுபடி முறை எளிது. மூன்று மீட்டர் சதுரமான மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, சுமார் 60 கிலோ விதைப்பாசியை அவற்றில் பிணைப்பர். மீன்கள் மேயாதவாறு அடியில் வலை கட்டப்படும். நல்ல பருவத்தில் 45 நாட்களில் அது நான்கு மடங்காகும். விதைக்கு 60 கிலோ நிறுத்தி, எஞ்சியதை உலர்த்தினால் பத்தில் ஒரு பங்கு நிற்கும். ஒருவருக்கு 45 மிதவை என்று வகுத்தமையால், தினம் ஒரு மிதவை அறுப்புக்கு வரும். அதாவது தினமும் வேலையும் வரும்படியும் உண்டு.

2012ஆம் ஆண்டளவில் உலர்பாசி உற்பத்தி சுமார் 1,500 டன்னை எட்டியது. அடுத்த ஆண்டு முதல் கடல்நீர் வெப்பம் மிகுந்து பாசி பெருவாரியாக மடிந்தது. விற்பனைச் சரக்கோடு விதையும் அழிந்தபடியால், பல குடும்பங்கள் தொழிலைக் கைவிட்டன. லாபத்தைப் பங்கிட ஏற்பாடு இருந்தது. நஷ்டத்தைத் தாங்க ஏற்பாடு போதவில்லை. கூட்டு முயற்சியில் இறங்கும் எந்தக் கிராமத்தாரும் இப்பாடத்தை மனதில் இருத்த வேண்டும்.

ஆகவே முதலில், விதைப்பாசியை ஒரே இடத்தில் வையாமல் வெவ்வேறு நீர்ப்பகுதிகளில் காத்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் அறுப்பிலும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதியாகச் சேர்த்தல் வேண்டும். மூன்றாவது, வாங்குவோர் ஒருவரையே நம்பியிருத்தல் ஆகாது.

இம்மூன்றாவதில் நிலமுடையோருக்கும் பங்குண்டு. பசும்பாசியைப் பிழிந்த சாற்றை நீரில் கலந்து தெளித்தால் பயிர் மகசூல் கூடுவதாகப் பரிசோதனைகளில் காணப்பட்டுள்ளது. அது எருவுக்கு ஈடாகாது, துணையாகும். நெல்லிலோ முண்டு மிளகாயிலோ ஒரு பாத்தியில் தெளித்தும், அடுத்த பாத்தியில் தெளியாமலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விவசாயிகள் அதனைப் பரவலாகக் கையாளலாம்.

கிராம அதிகாரிகள் பாசி உலர்த்தச் சுத்தமான களம் அமையவும், மிதவைகள் படகுவழியில் நில்லாதிருக்கவும் உதவலாம். 2008ஆம் ஆண்டில் குருசடைத் தீவருகே இப்பாசி பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பது கண்டறியப்பட்டது. ஆதலால், அனுமதிக்கப்பட்ட இடத்திற்கு அப்பால் மிதவை கட்டலாகாது. பவளப்பாறை அழிந்தால் மீனுக்கு இருப்பிடம் போகும். ஒருவர் பிழைப்புக்காக மற்றொருவர் பிழைப்பு கெடுவது கூட்டுறவாகாது.